முதல், வழி, சார்பு: நூல்வகைக் கோட்பாட்டு நோக்கில் ஜெஃப் மின்டரின் கணினி விளையாட்டுகள்

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஃப் மின்டர் 1982 முதல் பெரும்பாலும் தனித்து இயங்கிவரும் கணினி விளையாட்டு நிரலாளர். முன்னோர் செய்த விளையாட்டுகளை அடியொற்றிப் புதியன படைப்பது இவரது நெடுங்காலப் பணி. அவ்வாறு படைத்தவற்றுள் ஒன்று 2015இல் உரிமைச் சிக்கலுக்கு உள்ளாயிற்று. 'நகல்' என்றும் 'சொந்தப் படைப்பு' என்றும் இரண்டாக மட்டும் பகுக்கும் நோக்கு இவருடைய படைப்புகளை விளக்கப் போதவில்லை. முதல், வழி, சார்பு எனத் தமிழ் இலக்கண நூல்கள் வகுத்த பகுப்பு அவற்றைத் துல்லியமாக விளக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, நிரலாளர், முதனூல், வழிநூல், சார்புநூல், பாயிரம், பதிப்புரிமை.

முன்னுரை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 'இலக்கியப் படைப்பு' என்னும் தொடருக்குத் தரும் விளக்கத்தில் கணினி நிரலையும் அடக்கியுள்ளது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையும் நிரலை இலக்கியப் படைப்பாகவே காக்க வேண்டும் என்கிறது. அதாவது, சட்டத்தின் கண்ணுக்கு ஒரு நாவலும் ஒரு விளையாட்டின் நிரலும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. இலக்கியத் துறையினர் இச்செய்தியைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் ஒரு நிரலை எழுதியவர் யார், எதனை முன்மாதிரியாகக் கொண்டார், அதிலிருந்து எங்கே விலகினார் என்னும் வினாக்கள் நூலாராய்ச்சிக்குப் பழகியவையே.

இவ்வினாக்களை எழுப்புதற்கு ஏற்ற படைப்பாளர் ஜெஃப் மின்டர். 1962இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பிறந்த இவர், இருபதாம் வயதில் லாமாசாஃப்ட் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கானோர் உழைக்கும் இக்காலத்திலும் ஓரிருவராக இருந்தே விளையாட்டுகளைச் செய்துவருகிறார். இடையில் சில ஆண்டுகள் நிறுவனங்களுக்காகப் பணியாற்றியதுண்டு. எனினும் 1980களின் தொடக்கத்தில் தனித்து இயங்கிய நிரலாளருள், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே முறையில் தொடர்வோர் மிகச் சிலரே.

நூல்வகைப் பகுப்பும் அதன் பயனும்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நான்காக விரிக்கிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கும். முன்னோர் நூலின் முடிபுகளோடு ஒத்து, பின்வந்த ஆசிரியர் தாம் வேண்டும் வேறுபாடுகளையும் கூறி, மரபு குன்றாமல் நிற்பது வழிநூல் என்பது பவணந்தியார் கருத்து. முன்னைய நூல்களோடு ஒருபுடை ஒத்து, ஏனையவற்றில் மாறுபடுவது சார்புநூல்.

இப்பகுப்பில் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. வழிநூல் குறைபட்ட நூலாகக் கருதப்படவில்லை. நன்னூலே தொல்காப்பியத்தின் வழியில் வந்தது. தண்டியலங்காரம் வடமொழிக் காவியாதரிசத்தை அடியொற்றியது. இவற்றை எவரும் 'நகல்' என இகழ்வதில்லை. அதே வேளையில், முதனூலின் வழியில் செல்வது மட்டுமே ஒரு நூலுக்குத் தகுதியைத் தந்துவிடாது. முதனூலைப் பின்பற்றினும், வல்லமை இல்லாதவன் யாத்தால் நூல் சிதையும் என்று மரபியல் எச்சரிக்கிறது. எடுத்துக்கொண்டதில் அன்று, யாத்த திறத்தில்தான் மதிப்பு என்பது இதன் உட்கிடை.

பாயிர இலக்கணமும் இங்கு உதவுகிறது. சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரும் வழியும் முன்னிற்பன. யார் செய்தது, எவ்வழி வந்தது என்பவற்றை வெளிப்படையாகக் கூறுதல் வழிநூலாசிரியரின் கடமை. இதனைச் செய்யாத நிலை எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1990களில் குமணன்சாவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் முதலிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் உட்பட இந்திய நகரங்களில், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவிகள் பரவின. அவற்றுள் பல, ஜப்பானிய நின்டெண்டோ கருவியின் போலிகள். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உள்ளன என்று உறையில் அச்சிட்டிருக்கும். செருகிப் பார்த்தால் சிலவே மாறிமாறி வரும். தொடக்கத் திரையில் இருந்த நிறுவனப் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். ஆக்கியோன் பெயரும் இல்லை, வழியும் இல்லை. ஒரு தலைமுறை கணினி விளையாட்டை ஆசிரியர் இல்லாப் பண்டமாகவே அறிந்தது. நகல் என்னும் சொல் பொருந்துவது இத்தகையவற்றுக்கே. மின்டர் செய்தது இதற்கு நேர்மாறானது.

3583 பைட்டுகளில் யாத்தல்

மின்டர் பள்ளிப் பருவத்தில் கமடோர் பெட் கணினியில் நிரல் எழுதக் கற்றார். பல்கலைக்கழகப் படிப்பு இடையில் நின்றுபோனது. நோயுற்றுப் படுத்திருந்த சில மாதங்களுக்குப் பின் முழுமூச்சாக நிரலாக்கத்தில் இறங்கினார். 1982இல் அவர் பணி செய்த விக்-20 கணினியை இயக்கினால் திரையில் தோன்றும் முதல் அறிவிப்பு, 3583 பைட்டுகள் மீதமுள்ளன என்பது. அந்த அளவு எவ்வளவு சிறிது என்பதைத் தமிழ் எழுத்தைக் கொண்டு உணரலாம். இன்றைய ஒருங்குறி முறையில் பரவலாகப் பயன்படும் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு கொள்ளும். 'கி' என்னும் ஒரே எழுத்து, மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடுகள் ஆகையால் ஆறு பைட்டு. ஆகவே 3583 பைட்டில் ஏறத்தாழ 1194 குறியீடுகளே அடங்கும். இக்கட்டுரையின் ஆய்வுச்சுருக்கத்தையும் முன்னுரையின் முதற்பத்தியையும் சேர்த்தால் அவ்விடத்தின் பெரும்பகுதி நிரம்பிவிடும். அந்த இடத்துக்குள் திரையின் படங்கள், ஒலி, எதிரிகளின் இயக்கம், மதிப்பெண் கணக்கு அனைத்தும் அமைய வேண்டும்.

திரையோ 22 நிரலும் 23 வரியுமாக 506 கட்டங்கள் கொண்டது. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து மட்டுமே நிற்கும். படம் வரைய விரும்பும் நிரலாளர் எழுத்தின் வடிவத்தை மாற்றி எழுத வேண்டும். எட்டுக்கு எட்டு புள்ளிகளால் ஆன ஒரு வடிவத்துக்கு எட்டு பைட்டு செலவாகும். இதனால் பொருள்கள் வழுக்கிச் செல்லாமல் கட்டம் விட்டுக் கட்டம் தாவும். அக்காலத்து நிரலாளர் பலர் இதனைக் குறையெனக் கருதி மறைக்க முயன்றனர்.

மின்டரின் முதற்பெருவெற்றியான 'கிரிட்ரன்னர்' (1982) அதனை மறைக்கவில்லை. திரை முழுவதும் கட்டவலையைத் தீட்டி, அதனையே விளையாட்டின் களமாக்கிற்று. இதன் முதனூல், எட் லாக், டோனா பெய்லி ஆகியோர் அட்டாரி நிறுவனத்துக்காக 1981இல் உருவாக்கிய 'சென்டிபீட்' என்னும் ஆர்கேட் விளையாட்டு. (காசிட்டு ஆடும் பொதுக் கூடத்து விளையாட்டை ஆர்கேட் என்பர்.) மேலிருந்து நெளிந்திறங்கும் பல கணுக்கள் கொண்ட எதிரி, சுடப்பட்ட கணு தடையாக மாறுதல் ஆகிய முடிபுகள் அங்கிருந்து வந்தவை. கீழ்விளிம்பிலும் பக்கவிளிம்பிலும் நகர்ந்து குறுக்கும் நெடுக்குமாகச் சுடும் இரு கருவிகள் மின்டர் சேர்த்தவை. கணு விட்டுச்சென்ற தடை நாளடைவில் முதிர்ந்து குண்டாக விழுவதும் அவர் சேர்த்ததே. சென்டிபீடில் ஆடுபவர் மேல்நோக்கி மட்டும் கவனம் செலுத்தினால் பெரும்பாலும் போதும். கிரிட்ரன்னரில் மூன்று பக்கமும் கண் வேண்டும். இதனை ஒரு வார காலத்தில் எழுதி முடித்ததாக மின்டர் கூறியுள்ளார். அமெரிக்காவிலும் நன்கு விற்ற இவ்விளையாட்டே லாமாசாஃப்டை நிலைநிறுத்தியது. இடச்சுருக்கமே வடிவத்தைத் தீர்மானித்தது என்பதைச் சீரும் தளையும் பயின்றோர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

அங்கதமும் ஒளியும்

1983இல் வந்த 'அட்டாக் ஆஃப் த மியூட்டன்ட் கேமல்ஸ்' வேறொரு வகை. 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' திரைப்படத்தை ஒட்டிய ஒரு விளையாட்டில், நான்கு கால்களால் நடந்துவரும் பெரும் போர்ப்பொறிகளை வானூர்தியால் தாக்க வேண்டும். அப்பொறிகள் ஒட்டகங்களைப் போலிருப்பதைக் கண்ட மின்டர், பொறிகளை நீக்கிவிட்டு ஒட்டகங்களையே நடக்கவிட்டார். முதனூலை அங்கதமாக்கிய வழிநூல் இது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 2012இல் நடத்திய கணினி விளையாட்டுக் கலைக் கண்காட்சியில் இதுவும் இடம்பெற்றது. ஆடு, ஒட்டகம், லாமா ஆகியவை அவரது படைப்புகள்தோறும் திரும்பத்திரும்ப வருவதால், தொடக்கத் திரையைப் பாராமலே ஆசிரியரை இனங்காண முடிகிறது. முத்திரை என்று சொல்லத்தக்கது.

இசைக்கேற்ப ஒளிவண்ணங்களை எழுப்பும் 'சைக்கடீலியா' (1984) முதலிய நிரல்கள் விளையாட்டுகள் அல்ல. ஆயினும் அவரது பின்னாளைய நடையை உருவாக்கியவை அவையே. 1991இல் வெளியான 'லாமட்ரான்', யூஜீன் ஜார்விஸ் முதலியோரின் 'ரோபோட்ரான்: 2084' (1982) என்பதன் வழிநூல். அதனை மின்டர் கடைகளுக்கு அனுப்பவில்லை. எவரும் படியெடுத்து ஆடலாம், பிடித்திருந்தால் ஆசிரியருக்குப் பணம் அனுப்பலாம் என்னும் முறையில் வெளியிட்டார். பெரிய நிறுவனங்கள் சந்தையைப் பிடித்துவிட்ட காலத்தில், தனி நிரலாளர் ஒருவர் வாசகரை, இங்கே ஆடுவோரை, நேரடியாக நம்பிய முயற்சி இது. ஆடுவோரும் பணம் அனுப்பி அதனைப் பொய்யாக்காமல் விட்டனர்.

டெம்பஸ்ட் வழிவந்த நூல்கள்

மின்டரின் வாழ்நாட் பணி ஒரே ஒரு முதனூலைச் சுற்றி அமைந்துள்ளது எனின் மிகையாகாது. அது டேவ் தியூரர் அட்டாரிக்காக உருவாக்கிய 'டெம்பஸ்ட்' (1981). ஆழமான குழாய் ஒன்றின் வாய்விளிம்பில் ஆடுபவர் நிற்பார். உள்ளிருந்து எதிரிகள் ஏறி வருவர். விளிம்பைச் சுற்றி நகர்ந்து, அவர்கள் மேலேறுமுன் சுட வேண்டும். அக்கருவியின் திரை, புள்ளிகளை வரிசையாக நிரப்பும் திரையன்று; மின்கற்றை கோடுகளை நேரே வரையும் வகையைச் சார்ந்தது. கருமையில் மின்னும் மெல்லிய வண்ணக்கோடுகளே டெம்பஸ்டின் தோற்றம்.

1994இல் அட்டாரியின் ஜாகுவார் கருவிக்கு இதனை மீண்டும் செய்யும் பணி மின்டருக்குக் கிடைத்தது. ஜாகுவாரின் திரை புள்ளிகளால் ஆனது. பழைய கோடுகளின் ஒளியை அதில் அப்படியே கொண்டுவர இயலாது. ஒரு மொழியின் ஓசையை மற்றொரு மொழியில் அப்படியே தர இயலாமை போன்றதே இது. மின்டர் கோடுகளைப் போலி செய்யாமல், குழாயின் தளங்களை வண்ணச்சாயலால் நிரப்பினார். சுடப்பட்டவை புள்ளிகளாகச் சிதறின. குதிக்கும் திறன், துணைக்கு வரும் தானியங்கி, நிலைகளுக்கு இடையே பறந்துசெல்லும் பகுதிகள் ஆகியன புதிதாக வந்தன. அக்காலத்து நடன அரங்குகளின் டெக்னோ இசையும் சேர்ந்தது. மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என்பதில் 'அதர்ப்பட' என்னும் சொல்லுக்குரிய அழுத்தத்தை இங்குக் காணலாம்: பெயர்த்தால் மட்டும் போதாது, புதிய நிலத்தின் நெறிக்கு ஏற்ப அமைய வேண்டும்.

'டெம்பஸ்ட் 2000' என்னும் இப்படைப்பின் பட்டியலில் 1981ஆம் ஆண்டு முறையில் ஆடும் வாய்ப்பும் தனியே தரப்பட்டிருந்தது. மூலத்தையும் உரையையும் ஒருங்கே அச்சிடும் பதிப்பாசிரியர் செயலோடு இதனை ஒப்பிடலாம். ஆடுபவர் எது தியூரருடையது, எது மின்டருடையது என்று தாமே ஒப்பிட்டுக் காண முடிந்தது. ஜாகுவார் வணிகத்தில் தோற்ற கருவி. ஆனால் அதன் விளையாட்டுகளுள் இன்றும் முதலில் சொல்லப்படுவது டெம்பஸ்ட் 2000தான். நுவான் என்னும் கருவிக்காக 2000இல் 'டெம்பஸ்ட் 3000' வந்தது.

2007இல் வெளியான 'ஸ்பேஸ் ஜிராஃப்' பற்றியே கருத்துவேறுபாடு மிகுதி. அதே குழாய், அதே விளிம்பு. கண்டோர் இன்னொரு டெம்பஸ்ட் என்றனர். அப்படியன்று என்று மின்டர் வலியுறுத்தினார். அவர் கூற்றுக்கு ஆதாரம் விளையாட்டின் அமைப்பிலேயே உள்ளது. டெம்பஸ்டில் எதிரி விளிம்பை அடைதல் ஆடுபவர்க்குக் கேடு. அதற்குமுன் சுட்டு வீழ்த்துவதே இலக்கு. ஸ்பேஸ் ஜிராஃபில் ஆற்றல் எல்லை விரிந்திருக்கும்போது எதிரிகளை விளிம்பில் திரளவிட்டு, மோதி மொத்தமாக வெளியே தள்ளுபவரே மிகுந்த மதிப்பெண் பெறுவார். தோற்றம் ஒத்து, முடிபு தலைகீழாயிற்று. நன்னூல் வகைப்படி இது வழிநூல் அன்று, சார்புநூல். டெம்பஸ்டை ஆடும் பழக்கத்தோடு வந்தோர் இதனை வெறுத்ததற்கும், புதிய விதியைக் கற்றோர் போற்றியதற்கும் காரணம் இவ்வேறுபாடே. திரையில் கொந்தளிக்கும் ஒளிவெள்ளம் எதிரிகளைக் கண்ணுக்கு மறைக்கிறது என்ற குறையும் கூறப்பட்டது. அது நியாயமான குறையே.

2015ஆம் ஆண்டுச் சிக்கல்

2014இல் சோனியின் வீட்டா என்னும் கையடக்கக் கருவிக்கு மின்டர் 'டிஎக்ஸ்கே' என்னும் விளையாட்டை வெளியிட்டார். பெயர் வேறாயினும் டெம்பஸ்ட் 2000இன் வழியில் வந்தது என்பதில் ஐயமில்லை. பிற கருவிகளுக்கும் அதனைக் கொண்டுசெல்லும் வேலை நடந்தபோது, அட்டாரியின் வழக்கறிஞர்களிடமிருந்து எதிர்ப்பு வந்ததென 2015 மார்ச்சில் மின்டர் வெளிப்படுத்தினார். டெம்பஸ்ட் 2000இலிருந்து இது இசைவின்றி எடுத்துக்கொண்டது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. பெருநிறுவனத்தோடு வழக்காடும் பொருள்வலிமை தமக்கில்லை என்ற மின்டர், பிற கருவிகளுக்கான வடிவங்களைக் கைவிட்டார்.

அட்டாரி என்பது யார் என்ற வினா இங்கு எழுகிறது. டெம்பஸ்ட் 1981இல் வந்தபோது இருந்த நிறுவனம் 1984இல் இரண்டாகப் பிரிந்தது. டெம்பஸ்ட் 2000ஐச் செய்வித்தது அவ்வாறு பிரிந்த ஒரு பகுதி. அதன் பெயரும் உரிமைகளும் 1996இல் ஒரு வன்தட்டு நிறுவனத்துக்கும், 1998இல் ஹாஸ்ப்ரோ என்னும் பொம்மை நிறுவனத்துக்கும், பின்னர் இன்ஃபோகிராம்ஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்துக்கும் கைமாறின. 2015இல் உரிமை கோரியது இறுதியாக அப்பெயரைத் தாங்கிய நிறுவனம். டெம்பஸ்ட் 2000இன் நிரலை எழுதிய மின்டரோ இடையறாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். தாம் எழுதிய நூலை ஒத்திருக்கிறது என்பதற்காக நூலாசிரியர் ஒருவர் தடுக்கப்படும் இந்நிலையை ஏட்டுச்சுவடிக்கால மரபு அறியாது.

சட்டம் தன் போக்கில் ஒரு கோட்டை வரைந்துள்ளது. கருத்துக்குக் காப்பில்லை; அதன் வெளிப்பாட்டுக்கே காப்பு. 'பேக்-மேன்' விளையாட்டை ஒத்த 'கே.சி. மன்ச்கின்' தொடர்பாக அட்டாரி தொடுத்த வழக்கில் 1982இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனையே கூறியது. துரத்தலும் புள்ளிகளை விழுங்கலும் எவர்க்கும் பொது. பாத்திரங்களின் தோற்றமும் நடத்தையும் பொதுவல்ல என்று அந்த விளையாட்டின் விற்பனைக்குத் தடை விதித்தது. இந்தக் கோட்டின்படி டிஎக்ஸ்கே எப்பக்கம் விழும் என்பது நீதிமன்றத்தில் முடிவாகவில்லை.

இலக்கண மரபு வேறொரு வினாவைக் கேட்கிறது: முதனூலோடு எவ்வளவு ஒத்துள்ளது என்பது மட்டுமன்று, பின்னோன் சேர்த்த வேறுபாடு என்ன, வழி கூறப்பட்டதா, யாப்பு சிதையாமல் நிற்கிறதா என்பன அவ்வினாக்கள். இவற்றுக்கு டிஎக்ஸ்கே எளிதில் விடை தரும். ஆனால் இம்மரபைச் சட்டத்துக்கு மாற்றாக முன்வைப்பது பொருந்தாது. வழிநூல் கோட்பாடு தோன்றிய காலத்தில் நூலாசிரியர்க்கு வாழ்வளித்தவர் புரவலர். படி ஒன்றுக்கு விலை பெற்று வாழ்ந்தவர் அல்லர். நூலின் மதிப்பை அளக்கும் அக்கோட்பாடு, நூலால் வரும் ஊதியத்தைப் பங்கிடும் வழியைச் சொல்லவில்லை. தியூரரும் ஊதியத்துக்குப் பணிபுரிந்த நிரலாளர்தான் என்பதையும் மறத்தலாகாது. முதனூலாசிரியர்க்குரிய உரிமை முதலிலேயே நிறுவனத்திடம் போய்விட்டது. வழிநூலாசிரியர் வழக்காட நேர்ந்தால் எதிரில் நிற்பவர் முதனூலாசிரியர் அல்லர் என்பதே இச்சிக்கலின் மையம்.

சிக்கல் தீர்ந்த விதம் எதிர்பாராதது. அதே அட்டாரிக்காக மின்டர் 'டெம்பஸ்ட் 4000' செய்தார். 2018இல் அது வெளிவந்தது. டிஎக்ஸ்கேயை ஆடியோர் அதன் சாயலை இதில் எளிதில் உணர்வர். தடுக்கப்பட்டது படைப்பு அன்று, உரிமைப் பெயரின்றி அது நடமாடியதுதான் என்று கொள்ளலாம்.

வெளிவராத முதனூல்

2023இல் வந்த 'அக்கா அர்' இந்த ஆய்வுக்கு இன்னொரு வகையில் பயன்படுகிறது. பெயரில் உள்ள 'அக்கா'வுக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. 1982இல் அட்டாரி சோதனைக்காகச் சில பெட்டிகள் செய்து, ஆடியோர்க்குக் கடினமாக இருந்தமையால் கைவிட்ட ஆர்கேட் விளையாட்டு இதன் மூலம். வணிகத்துக்கு வராமலே நின்றுபோன முதனூலுக்கு நாற்பத்தோராண்டு கழித்து வழிநூல் பிறந்தது. தொல்காப்பியத்தை அகத்தியத்தின் வழிநூலாகக் கொண்ட உரையாசிரியர்களுக்கு முதனூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. முதனூலை அறியாத வாசகர் வழிநூலையே முதலாகக் கொள்ளும் நிலை அங்கும் இங்கும் ஒன்றே. அக்கா அர் ஆடுவோரில் பெரும்பாலார்க்கு அது மின்டரின் விளையாட்டு. 1982ஆம் ஆண்டு வடிவம் அடிக்குறிப்பு. 2025இல் அவர் தியூரரின் மற்றொரு படைப்பான 'ஐ, ரோபோட்' (1984) விளையாட்டையும் மீண்டும் செய்தார்.

இவற்றுக்கிடையில் 2024 மார்ச்சில் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 'லாமாசாஃப்ட்: த ஜெஃப் மின்டர் ஸ்டோரி' என்னும் தொகுப்பை வெளியிட்டது. 42 விளையாட்டுகள், அக்கால விளம்பரங்கள், செய்தி மடல்கள், நேர்காணல்கள் ஆகியவை கால வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. ஆவணத்தைப் படித்த கையோடு அது குறிக்கும் விளையாட்டை அங்கேயே ஆடிப் பார்க்கலாம். எக்கருவிக்கு எழுதப்பட்டது, எதனை அடியொற்றியது, எப்போது திருத்தப்பட்டது என்பன உடன் கிடைக்கின்றன. பழைய விளையாட்டைப் புதிய கருவியில் ஓட வைப்பதோடு நிற்கும் தொகுப்புகளே மிகுதி. இது பாயிரத்தோடு கூடிய பதிப்பு. டெம்பஸ்ட் 2000உம் இதில் உண்டு.

தமிழர் படைக்கும் கணினி விளையாட்டுகளும் உலக அரங்குக்கு வந்துவிட்ட நிலையில் இத்தகைய பதிப்புநெறி அயலார் செய்தி மட்டுமன்று. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தின் கதை. அதற்கு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அறிமுகப் படைப்பு விருது கிடைத்தது. தாய் தந்த சமையற்குறிப்பேட்டில் அழிந்தும் கிழிந்தும் போன இடங்களை ஊகித்து, சமையலை முடிப்பதே அதில் ஆடுபவர் செய்ய வேண்டியது. சிதைந்த ஏட்டின் பாடத்தை மீட்கும் அவ்வேலை, சுவடியியல் மாணவர் எவர்க்கும் புதிதன்று.